பீலிக்கு ஒரு லேபல்

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று சாய்ந்தேன். பொறுக்குமா? தொலைபேசி அடித்தது. ஹட்டனில் எங்கள் றோட்டுக் காரியாலயத்தில், நான் இருந்த நாற்காலியில் இப்போது இருக்கும் ரிஸ்வானாதான். நான் ஓய்வு பெற்று வத்தளையில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும், படம் வரையும் மென்பொருள் முரண்டு பிடித்தால் அந்தப் பிள்ளைக்கு என் ஞாபகம் வந்துவிடும்.

"மிஸ், தூக்கத்துலயா இருந்தீங்க?"

"இல்ல, டான்ஸ் ஆடிக்கிட்டிருந்தேன். விசயத்தச் சொல்லு."

"புது வெர்ஷன் போட்டிருக்காங்க மிஸ். பழைய டெம்ப்ளேட்ட துப்புரவு பண்ணச் சொல்லியிருக்காங்க. வேண்டாத லேபல் ஸ்டைல் எல்லாத்தையும் தூக்கணுமாம். அதுல 'பீலி'ன்னு தமிழ்ல ஒண்ணு கெடக்கு. பீலின்னா எனக்குத் தெரியும். அதுக்கு எதுக்கு மிஸ் தனியா ஒரு ஸ்டைலு? அழிச்சிரவா?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அடியே, அத மட்டும் தொடாத! அது பெரிய கதை. போன்ல சொன்னா ஒனக்கும் வேல கெட்டுப்போகும், எனக்கும் தொண்ட கட்டிக்கும். எழுதி அனுப்புறேன்."

"எழுதியா!" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். வாழ்நாள் முழுவதும் மற்றவர்கள் போட்ட றோட்டுக்கு நான் எழுதிக் கொடுத்தது ஒரு சொல், இரண்டு எண் என்ற அளவில்தான். இப்போதாவது நீளமாக எழுதிப் பார்க்கிறேன்.

பீலி என்றால் என்னவென்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் ஊற்று கசியும் இடத்தில் ஒரு மூங்கிலையோ இரும்புக் குழாயையோ செருகிவிட்டால் தண்ணீர் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்துகொண்டே இருக்கும். திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். குடிக்க, குளிக்க, துவைக்க, சண்டை பிடிக்க, சமாதானம் ஆக, எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான். றொசல்லப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் நான் பிறந்தேன். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே, றோட்டு வளைந்து திரும்பும் இடத்தில் எங்கள் பீலி இருந்தது. என் பெயர் செல்வராணி. அந்தப் பீலியில் ராணி என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த வளைவில் பஸ் நிற்காது. அடிவாரத்தில் ஃபக்டரி வாசலில் இறக்கிவிட்டால் ஏறி வரவேண்டியதுதான். ஒருமுறை, எனக்குக் காய்ச்சல், அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு கண்டக்டரிடம் கெஞ்சினார்.

"பீலிக்கிட்ட நிப்பாட்டுங்க தம்பி, புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல."

"அது என்னா எடம்? பேரச் சொல்லுங்க."

"பேரெல்லாம் தெரியாதுங்க. பீலிதான்."

"பீலியெல்லாம் ஒரு எடமா? இந்த மலையில மொடக்குக்கு மொடக்கு பீலிதான் ஓடுது. பேரில்லாத எடத்துல எறக்க முடியாது."

பஸ் எங்கள் வளைவைத் தாண்டிப்போய் வெகுதூரத்தில்தான் நின்றது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அந்தக் கண்டக்டர் மீது எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

படிப்பை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா புஷ்பம் பள்ளிக்கூடத்தை விட்டு, விடியற்காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தாள். அதனால் நான் படித்தேன். கண்டியில் படவரைஞர் பயிற்சி முடித்து ஹட்டன் காரியாலயத்தில் சேர்ந்தபோது, ட்ரேசிங் தாளும் மைப்பேனாவும் எழுத்து அச்சுப் பலகையும்தான் எங்கள் ஆயுதங்கள். ஓர் எண்ணைப் பிழையாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது தும்மினால் தாள் கிழிந்துபோகும். அந்தக் காலம் போனதற்கு நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கணினி வந்தபோது முதலில் ஓடிப்போய் உட்கார்ந்தவள் நான்தான்.

அதிலும் லேபல் இருக்கிறதே, அதற்காகவே அந்த மென்பொருளுக்குக் கோயில் கட்டலாம். றோட்டின் நடுக்கோட்டை வரைந்தால் போதும். எத்தனையாவது மீட்டரில் நிற்கிறோம், வளைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு கூர்மை, எங்கே முடிகிறது, எல்லாவற்றையும் அதுவே எழுதிக் கோட்டோரம் வரிசையாக நிறுத்திவிடும். கோட்டை இழுத்தால் எழுத்தும் கூடவே வரும். எண்ணும் தானாக மாறும். எழுத்தின் உயரம், நிறம், எந்தப் பக்கம் நிற்பது எல்லாவற்றையும் ஒரு ஸ்டைலில் சொல்லிவைத்தால், நூறு லேபல் இருந்தாலும் ஒரே நொடியில் கேட்டு நடக்கும். வீட்டில் கணவர் உட்பட யாரும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை.

எங்கள் பொறியியலாளர் சிவநேசன் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்து எத்தனையோ வருடமாகியும் குளிருக்கு ஒத்துப்போகாத உடம்பு. காதை மூடிய கம்பளித் தொப்பியோடுதான் கையெழுத்துப் போடுவார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பிழை கண்டால் பகிடி விடுவார். அந்தப் பகிடிக்கு நாங்கள் பயப்படுவோம். இரண்டு லேபல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால், "என்ன பிள்ளை, சனம் கடைசி பஸ்ஸில ஏறின மாதிரிக் கிடக்கு? ஒண்டை இறக்கிவிடும்" என்பார். எழுத்து தலைகீழாகத் திரும்பியிருந்தால் தானும் தலையைச் சாய்த்துக்கொண்டே பேசுவார், நான் திருத்தும்வரை நிமிரமாட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் படமும் கையெழுத்துக்குப் போகும்முன் அச்செடுத்துப் பெரிய மேசையில் விரிக்க வேண்டும். நான் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் இருக்கும் ஒவ்வொரு லேபலையும் தமிழில் சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் பென்சில் முனையைத் தாளில் அந்த இடத்தில் வைத்து "ம்" என்பார். மதகு, ம். தடுப்புச் சுவர், ம். மைல்கல், ம். ஒரு முழு றோட்டையும் அப்படி நடந்து முடிப்போம். "படத்தில பெயர் இல்லாட்டி அந்தச் சாமான் இல்லையெண்டுதான் றோட்டுக்காரன் நினைப்பான், உடைச்சுப்போடுவான்" என்பது அவர் கட்சி. மழை தகரக் கூரையில் கொட்டும், தேத்தண்ணி ஆறிப்போகும், அந்த "ம்" மட்டும் நிற்காது. இப்போது நினைத்தால் அந்தச் சத்தத்துக்காக மனம் ஏங்குகிறது. வத்தளையில் எனக்கு "ம்" சொல்ல யார் இருக்கிறார்கள்? மகன் போனைப் பார்த்துக்கொண்டு சொல்லும் "ம்" கணக்கில் வராது.

ஒரு வருடம் எங்கள் லயத்து றோட்டை அகலமாக்கும் வேலை என் மேசைக்கு வந்தது. அக்காவின் கணவருக்கு நெஞ்சுவலி வந்தபோது தோட்டத்து வேன், வருடா வருடம் மண் சரிந்து ஒடுங்கிப்போயிருந்த அந்தப் பீலி வளைவில்தான் திரும்பமுடியாமல் மாட்டிக்கொண்டது. அத்தானைக் கம்பளியில் போட்டுத் தூக்கி இறக்கினார்கள். ஃபக்டரி வாசலுக்கு வருமுன் முடிந்துவிட்டது. அதிலிருந்து அக்கா கோயிலில் கேட்டது, மீட்டிங்கில் கேட்டது, என்னிடம் கேட்டது எல்லாம் அந்த வளைவை அகலமாக்குவதைத்தான்.

நிலத்தை அளந்தவர் எங்கள் காரியாலயத்து சர்வேயர் சுனில். நல்ல மனிதர், தமிழ் பேசுவார், நடுவில் சிங்களத்துக்குத் தாவுவார். அளக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சுருக்கக் குறி அடிப்பார். மென்பொருள் அந்தக் குறியைப் பார்த்து, இது மரம், இது மதகு, இது சுவர் என்று தானாகவே படம் போட்டு லேபலும் மாட்டிவிடும். எங்கள் வளைவு திரையில் விரிந்தபோது எனக்கு லயம் தெரிந்தது, கோயில் படி தெரிந்தது, அக்கா இருக்கும் தொங்கக் காம்பரா தெரிந்தது. வரிசையின் கடைசி அறையை அப்படித்தான் சொல்வோம். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பீலியைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. அது எங்கே போகப்போகிறது?

மறுநாள் படங்கள் தலைமைக் காரியாலயத்துக்குப் போகவேண்டும். தவறினால் அந்த வருட வேலைகளிலிருந்து எங்கள் றோட்டு கழன்றுவிடும், வேறு ஏதாவது ஊர் அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். காலையில் வாசிக்க உட்கார்ந்தோம்.

"மதகு."

"ம்."

"மின்கம்பம், அகற்றப்படும்."

"ம்."

"மின்கம்பம், அகற்றப்படும்."

"ம்" வரவில்லை. பென்சில் நின்றுவிட்டது.

"நில்லும் பிள்ளை. இரண்டு கம்பமும் ஏன் இப்பிடி ஒட்டிக்கொண்டு நிக்கினம்? கலியாணம் கட்டினவையோ?"

எழுந்துபோய்த் தாளைப் பார்த்தேன். ஒரு கம்பம் கோயில் படியருகே. அது சரி. மற்றது வளைவின் உள்பக்கம், மண்திட்டை ஒட்டி. அந்த இடத்தில் நான் பல் விளக்கியிருக்கிறேன்.

"சேர், அங்க கம்பம் கெடையாது சேர்."

"அப்ப என்ன கிடக்கு?"

போனை எடுத்தேன். அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, பீலிக்கிட்ட லைட் போஸ்ட் ஏதாச்சும் புதுசா நட்டாங்களா?"

"என்னாடி, பைத்தியமா ஒனக்கு? போஸ்ட் கோயில் படிக்கிட்ட இருக்கு. பீலியில பீலிதான் இருக்கு. இப்பக்கூட தண்ணிக்குத்தான் நிக்கிறேன், சத்தம் கேக்குதா?"

கேட்டது. வாளியில் விழும் சத்தம், பக்கத்தில் யாரோ துணியை அடித்துத் துவைக்கும் சத்தம். போனை சிவநேசன் சேரின் காதில் வைத்தேன். அவர் கம்பளித் தொப்பியை விலக்கிவிட்டுக் கேட்டார்.

அடுத்து சுனிலுக்கு அடித்தோம். வளைவின் உள்பக்கம் என்ன குறி அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"பீ எல் மிஸ்."

"பீ எல்னா 'போல்', லைட் போஸ்ட்டுக்குத்தானே சுனில்!"

"அனே மிஸ், ஏக பீல்ல நே! பீ எல், பீல்ல!" என்று சிரித்தவர், நான் சிரிக்காததைக் கவனித்து நிறுத்திவிட்டார்.

சிங்களத்தில் அது பீல்ல, எங்களுக்குப் பீலி. அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். நடுவில் இருந்த மென்பொருளுக்கு மட்டும் அந்த இரண்டு எழுத்தும் மின்கம்பம். கம்பம் என்றதும் அகற்றலாம் என்று அதுவே முடிவு கட்டிவிட்டது. படம் அப்படியே போயிருந்தால் அந்த இடத்தில் கம்பம் இல்லையே என்று யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். மண்திட்டை வெட்டி, ஊற்றுக்கண்ணை அடைத்துத் தடுப்புச் சுவர் எழுப்பியிருப்பார்கள். லயத்துச் சனம் முழுக்கக் குடத்தோடு ஃபக்டரிக்கு இறங்க வேண்டியிருக்கும்.

சிவநேசன் சேர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கம்பத்தை நகர்த்தலாம். ஊற்றை நகர்த்தேலாது. பள்ளப் பக்கம் வளைவைத் தள்ளலாம். ஆனா அங்காலை எல்லாப் படமும் மாறும், நாளைக்குப் போகாட்டி றோட்டு இல்லை. இப்பிடியே போனா தண்ணி இல்லை. உம்மட அக்கா அங்க இருக்கிறா. அவ என்ன சொல்லுறா எண்டு கேளும்."

கேட்டேன். அக்கா இன்னும் பீலியில்தான் நின்றாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு மேலே அவள் குரல் வந்தது.

"அவரு போன றோடு ராணி அது. அது வேணும். அதுக்காக இத்தனை சனமும் தண்ணிக்கு எங்க போறது? தார நக்கிக் குடிக்கிறதா? எனக்கு ரெண்டும் வேணும். ஒன்ன எதுக்குடி படிக்க வச்சேன்? அங்க குந்திக்கிட்டு எங்கிட்டப் போயி கேக்குறா, கேள்வி! செய்யி."

திட்டு வாங்கிய வேகத்தில் உட்கார்ந்தேன். நடுக்கோட்டைப் பிடித்து வளைவைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தேன். ஒரு நொடி திரை யோசித்தது. பிறகு வளைவு நகர்ந்தது. அதைப் பிடித்திருந்த லேபல் எல்லாம் பெரட்டுக்குக் கூப்பிட்டதுபோல் வரிசையாக அதன் பின்னால் வந்தன. மீட்டர் எண்கள் தாமாகவே மாறின. வளைவின் கணக்குகள் தாமாகவே திரும்ப எழுதிக்கொண்டன. பிளேடு காலத்தில் இது அந்த மாதம் முழுவதும் சுரண்டும் வேலை. ஆனால் முண்டியடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிய லேபல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியே இழுத்து, எது எந்த இடத்துக்கு உரியது என்று அம்புக்கோடு காட்டி நிறுத்துவது மனிதர் வேலைதான். சிவநேசன் சேர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளப் பக்கத்துச் சுவருக்குக் கணக்குப் போட்டார். சுனில் மழையில் நனைந்துகொண்டு வளைவுக்குப் போய், பீலியின் அகலத்தை அளந்து போனில் சொன்னார். மூன்று பேருக்கும் சோறு இறங்கவில்லை.

மாலைக்குள் வளைவு நின்றது. பீலியைச் சுற்றி ஒரு சிறு ஒதுக்கிடமும் கிடைத்தது. அந்தப் பொய்க் கம்பத்தை அழித்தேன்.

"இனி அதுக்குப் பெயர் எழுதும்" என்றார் சேர்.

எங்கள் படங்களில் லேபல் எல்லாம் ஆங்கிலம்தான். என்ன எழுதுவது என்று நான் யோசித்தேன்.

"சனம் என்னெண்டு சொல்லுது?"

"பீலின்னு சேர்."

"பிறகென்ன? அப்பிடியே எழுதும். தோண்ட வாறவன் அதைத்தானே அங்க கேக்கப்போறான்."

தமிழில் அடித்தேன். திரையில் நான்கு கேள்விக்குறி வந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம்! கண்டக்டர் ஞாபகம் வந்துவிட்டது. இதுவும் பெயரென்ன என்று கேட்கிறதா? அந்த ஸ்டைலில் இருந்த எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. புதிதாக ஒரு ஸ்டைலைத் திறந்து, தமிழும் சிங்களமும் தெரிந்த எழுத்துருவைக் கொடுத்தேன். லேபலின் பின்னணி கீழே இருக்கும் கோடுகளை மறைக்காதபடி அதையும் நிறுத்தினேன். ஸ்டைலுக்குப் பெயர் கேட்டது. 'பீலி' என்றே கொடுத்தேன்.

பீலி என்று மேலே, சுனில் போனில் எழுத்துக்கூட்டிச் சொன்ன சிங்களச் சொல் நடுவில், அகற்றக் கூடாது என்று கீழே. எங்கள் காரியாலயத்துப் படத்தில் தமிழ் எழுத்து முதன்முதலாக நின்றது அன்றைக்குத்தான். மறுபடி முதலிலிருந்து வாசித்தோம். "பீலி" என்று வாசித்தபோது என் குரல் உடைந்துவிட்டது. சேர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பென்சிலை அங்கே வைத்து, "ம்" என்றார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

படம் நேரத்துக்குப் போனது, றோட்டும் வந்தது. அந்த வளைவில் முதல்முறை லொறி திரும்பிய அன்று அக்கா பீலியடியில் நின்று அழுதாளாம். பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அக்காவிடம் கேட்டால், "தூசி விழுந்துச்சு" என்றாள்.

நான் வத்தளைக்கு வந்த பிறகு, யாராவது கொழும்புக்கு வந்தால் ஒரு போத்தல் பீலித் தண்ணீர் கொடுத்து அனுப்புவாள். "ஒன் லேபல் தண்ணி, குடி" என்பாள். நான் அதைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பேன். மருமகள் சிரிப்பாள். இங்கே குழாயைத் திருகினால் முதலில் காற்று சீறும், பிறகு மருந்து வாசத்தோடு வெதுவெதுப்பாக வரும். அதில் முகம் கழுவினால் தூக்கம்கூடப் போகாது.

அக்கா போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. சிவநேசன் சேரும் யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார். அக்காவின் காரியத்துக்குப் போன பிறகு நான் லயத்துப் பக்கம் போகவில்லை. போத்தலும் வருவதில்லை. முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொல்கிறேன். உண்மை அதுவல்ல. தொங்கக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம். எங்கே வந்தாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? ஆனாலும் விடிகாலையில் விழிப்பு வந்தால் அந்தச் சத்தம் கேட்கிறது. எழுந்து பார்த்தால் யாரோ மாடியில் தண்ணீர்த் தாங்கியை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அக்கா வேண்டும். அந்தத் தண்ணீர் வேண்டும். கேட்டால் கிடைக்கிற வயதா இது!

இதுவரை எழுதி ரிஸ்வானாவுக்கு அனுப்பிவிட்டேன். நேற்று கூப்பிட்டாள். தொண்டையைச் செருமினாள், வழக்கமான வாயாட்டம் இல்லை.

"வாசிச்சேன் மிஸ். ஒண்ணு சொல்லுவேன், ஏசக்கூடாது."

"அழிச்சிட்டியா?"

"ஒங்கள்ட்ட கேக்க முந்தியே அழிக்கப் பாத்தேன் மிஸ். அது விடல. பாவனையில, அதாவது யூஸ்ல இருக்கு, அழிக்க முடியாதுன்னு சொல்லிச்சு. அதுக்குப் பொறவுதான் ஒங்களுக்கு அடிச்சேன்."

"பாவனையிலயா? அந்தப் பழைய படத்துலயா?"

"இல்ல மிஸ். இப்ப புதுசா, பஸ் நிக்கிற எடங்களுக்குப் பேர்ப் பலகை போடப் போறாங்க. அந்தப் படத்துல. தமிழ் எழுத்து வார ஸ்டைலு அது ஒண்ணுதானே, அதத்தான் எல்லாரும் எடுத்துக்கிறாங்க. அதுல ஒரு எடத்துக்குப் பேரு 'பீலியடி'ன்னு இருக்கு. றொசல்லப் பக்கம், ஒரு வளைவுல. நீங்க எழுதினத வாசிச்சப் பொறவுதான் எனக்கே வெளங்கிச்சு."

"அங்க பஸ் நிக்காதே புள்ள."

"ஐயோ மிஸ், அது ஒங்க காலம்! இப்ப எல்லா பஸ்ஸும் நிக்குது. டிரைவர்மாரு எறங்கி மொகம் கழுவுவாங்க. போத்தல்ல புடிச்சிக்குவாங்க. ஒங்களுக்கு ஒண்ணு குடுத்து விடவா மிஸ்?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வேணாம். நானே வந்து குடிக்கிறேன்."

சனிக்கிழமை ரயிலுக்கு மகனை டிக்கட் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் என்று ஆரம்பித்தான், நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். ஹட்டனில் இறங்கி பஸ் ஏறவேண்டும். எங்கே இறங்கவேண்டும் என்று கண்டக்டர் கேட்பான். கேட்கட்டும், பெயர் இருக்கிறது.